எடுபிடி வேலைதான், ஆனாலும் அனுப்புங்கள்

பெரியகுளத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள், பைத்தான் என்ற கம்ப்யூட்டர் நிரல்மொழிக்காக நடக்கும் பைகான் இந்தியா போன்ற மாநாட்டுக்கு வாலன்டியராகப் போகத் துடிக்கிறாள், "காசும் கிடையாது, எடுபிடி வேலைக்கு எதற்கு அவ்வளவு தூரம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். எடுபிடி வேலைதான், மறுக்கவில்லை. நாற்காலி போட வேண்டும், பை கட்ட வேண்டும், மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

ஆனால் அந்த வேலையை யாரோடு சேர்ந்து செய்கிறாள் என்று பாருங்கள். 2009இல் பெங்களூரில் தொடங்கிய பைகான் இந்தியாவை இன்றுவரை நடத்துவது தன்னார்வலர்கள்தான். 2019இல் நம் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்திலும் நடந்தது. பகலில் ஏதோ ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதிவிட்டு, இரவில் மாநாட்டு வேலை பார்ப்பவர்கள் அவர்கள். அதனால் மாநாட்டு நாளில் மட்டும் போய் நிற்பதில் பெரிய பயன் இல்லை. பதிவு மேசையில் டேக் வாங்கிப் போகிறவர் அரை நிமிடத்தில் உங்கள் மகளின் முகத்தை மறந்துவிடுவார். சில மாதம் முன்பே ஏற்பாட்டுக் குழுவில் சேர்ந்து, ஒப்புக்கொண்ட வேலையைச் சொன்ன தேதிக்கு முடித்துக் கொடுக்கிற பெண்ணை மறக்க மாட்டார்கள். நாளைக்கு அவர்கள் கம்பெனியில் ஆள் தேவைப்பட்டால் ரெஃபரல், அதாவது பரிந்துரை, கொடுப்பார்கள். அதனால் ரெஸ்யூமை ஒருவர் திறந்து பார்ப்பார், அவ்வளவுதான். இன்டர்வியூவில் அவள்தான் தேற வேண்டும்.

மாநாட்டு நாளில் எந்த வேலை வேண்டும் என்று கேட்டு வாங்கலாம் என்றால் அரங்கப் பொறுப்பைக் கேட்கச் சொல்லுங்கள். பேச்சாளரின் லேப்டாப் திரையில் தெரியாமல் அவர் திணறும்போது அடாப்டர் தேடிக் கொடுத்தால், தேநீர் இடைவேளையில் அவரே பேச்சுக் கொடுப்பார். இரவே லிங்க்ட்இன்னில் இரண்டு வரி: எந்த அரங்கு, அவர் பேச்சில் எது பிடித்தது. "வேலை இருந்தா சொல்லுங்க சார்" வேண்டவே வேண்டாம்.

ஆங்கிலத்துக்குத் தயங்கினால் லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் கூடும் காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவில் தொடங்கலாம். அங்கே தமிழிலேயே பேசுகிறார்கள். சென்னையில் பைத்தான் ஆர்வலர்கள் கூடும் சென்னைபை மீட்அப்பும் உண்டு. வாலன்டியராகச் சேரவே பணம் கேட்கிற இடமாக இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். நடத்தை விதிகளும் புகார் சொல்ல வேண்டியவரின் எண்ணும் இணையதளத்தில் இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். தங்குமிடம், பயணச் செலவு யாருடையது என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இன்டர்னல் தேர்வு அதே வாரம் வந்தால் இந்த ஆண்டு விட்டுவிடலாம். வராவிட்டால், ஓ.டி. (வராத நாட்களுக்கு வருகைப்பதிவு கேட்கும் ஆன் டியூட்டி) கடிதத்தை மாநாட்டுக்கு முன்பே துறைத் தலைவரிடம் கொடுத்துவிடட்டும். திரும்பி வந்து கேட்டால் கையெழுத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.