குடியிருப்புக்குள் தோட்டக் கருவிகளைப் பகிர்ந்துகொள்ள ஒரு செயலியை எப்படி வடிவமைப்பது?

60 வீடுகள், மாடித்தோட்டம் போடுபவர்கள் இருபது பேர், ஆளுக்கொரு மண்வெட்டி வாங்குவதற்குப் பதில் பொதுவில் வைத்துச் செயலி மூலம் இரவல் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். கோவையில் சரவணம்பட்டிப் பக்கம் எங்கள் குடியிருப்பில் (72 வீடு) மூன்று வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. நான் வேலைக்கு டேட்டாபேஸ் பார்ப்பவன் என்பதால் இதை என் தலையில் கட்டினார்கள். முதல் தடவை நான் செய்தது ஆறு மாதத்தில் படுத்துவிட்டது. அதிலிருந்து தொடங்குகிறேன்.

முன்பதிவுப் பக்கத்துக்கு மட்டும் இரண்டு வாரம் உழைத்தேன். ஒவ்வொரு கருவிக்கும் படம், காலண்டர், பச்சை சிவப்பு வண்ணங்கள். யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் கருவிகள் அலமாரிக்குத் திரும்பவில்லை. மண்வெட்டி வேண்டும் என்கிறவருக்கு அவசரம் இருக்கிறது. எவ்வளவு கேவலமான ஃபார்ம் கொடுத்தாலும் நிரப்பிவிடுவார். வேலை முடிந்து, கை கழுவி, காபி குடித்தபின் அதே மண்வெட்டியைக் கீழே கொண்டுபோய் வைக்க யாருக்கு அவசரம்? அது பால்கனி மூலையில் காய்ந்த மண்ணோடு நிற்கும். செயலியில் வடிவமைக்க வேண்டிய இடம் இதுதான். எடுப்பது தானாக நடக்கும்.

முன்மாதிரி தேடியபோது இரண்டு கண்ணில் பட்டன. கலிபோர்னியாவில் பெர்க்லி நகரப் பொது நூலகம் 1979லிருந்து புத்தகம் போலவே கருவிகளையும் இரவல் தருகிறது. அங்கே கவுன்ட்டரில் ஆள் இருக்கிறார், வாங்கிப் பார்த்து வைக்கிறார். நமக்கு அந்த ஆள் கிடையாது. இன்னொன்று, நம் வேளாண் பொறியியல் துறையின் இ-வாடகை செயலி. அதில் டிராக்டர் ஓட்டுநரோடு வருகிறது, வேலை முடிந்ததும் அவரே ஓட்டிக்கொண்டு போய்விடுவார். திருப்பித் தருவது என்ற சிக்கலே அங்கே இல்லை. ஆக இரண்டையும் அப்படியே காப்பி அடித்துப் பயனில்லை.

அபராதம் போட்டுப் பார்த்தோம், தாமதமானால் நாளுக்கு 10 ரூபாய். சி பிளாக்கில் ஒருவர் 70 ரூபாயை முன்கூட்டியே ஜிபேயில் அனுப்பிவிட்டு, "ஒரு வாரம் வெச்சுக்கறேனுங்க" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, நாங்களே வாடகைக் கடை திறந்துவிட்டிருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் அபராதத்தை எடுத்துவிட்டோம்.

பலன் கொடுத்தது ஒரு சின்ன மாற்றம். "கெடு முடிந்துவிட்டது, திருப்பித் தரவும்" என்று போய்க்கொண்டிருந்த செய்தியை, "நாளைக் காலை 7 மணிக்கு பி-204க்கு இந்த மண்வெட்டி வேண்டுமாம்" என்று மாற்றினேன். சங்கத்துக்குத் திருப்பித் தர மறப்பவர்கள், பி-204இல் ஒரு மனிதர் காத்திருக்கிறார் என்றால் ராத்திரியே போய்க் கொடுத்துவிடுகிறார்கள். பாதிக்கு மேல் கருவிகள் இப்போது அலமாரிப் பக்கமே வராமல் கைமாறிப் போகின்றன. அதற்காக 'கைமாற்றினேன்' என்று ஒரு பொத்தான் சேர்த்தேன். வாங்கிக்கொண்டவரும் அழுத்தினால்தான் முந்தையவர் பொறுப்பு நீங்கும். கதவு எண் மட்டும்தான் காட்டுவோம், போன் நம்பர் கிடையாது.

அடுத்தது, டேட்டாபேஸ். மூன்று அட்டவணை போதும்: வகை, பொருள், இரவல். 'மண்வெட்டி' என்பது வகை. 'மண்வெட்டி 3' என்பது பொருள். இதைப் பிரிக்காமல் "மண்வெட்டி: 4 இருப்பு" என்று எண்ணிக்கை மட்டும் வைத்தால், பிடி உடைந்தது எது, யாரிடம் உடைந்தது என்று கடைசிவரை தெரியாது. பொருள் அட்டவணையில் உரிமையாளர் என்ற நெடுவரிசையை மறக்காதீர்கள். எங்களில் பாதிப் பேர் சொந்தக் கருவியைத்தான் பொதுவில் வைத்தார்கள். ஒருவர் அவர் அப்பா காலத்துக் கடப்பாரையைக் கொடுத்திருந்தார், முனை வளைந்து திரும்பியது. அன்றிலிருந்து 'நன்கொடை', 'இரவலுக்கு மட்டும்' என்று இரண்டு பிரிவு. இரண்டாவதாக இருந்தால் எடுப்பவர் திரையில் உரிமையாளர் வீட்டு எண்ணும் தெரியும்.

கூகுள் ஷீட்டில் தொடங்குவதாக இருந்தால் முதல் வேலையாக லொக்கேலை (எந்த நாட்டு வழக்கப்படி தேதி எழுதுவது என்ற அமைப்பு) இந்தியா என்று மாற்றுங்கள். எங்களுடையது அமெரிக்கா என்று இருந்தது, நான் கவனிக்கவில்லை. ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர் ஆகஸ்ட் 3 காலை ஸ்பிரேயர் எடுத்து, திருப்பும் தேதியை 5/8 என்று போட்டார். ஷீட் அதை மே 8 என்று எடுத்துக்கொண்டு, "87 நாள் தாமதம்" என்று அவருக்குச் செய்தி அனுப்பியது. மனிதர் ஸ்பிரேயரைத் தோளில் மாட்டியபடியே என் வீட்டுக்கு வந்து, "இன்னைக்குக் காலையிலதானே தம்பி எடுத்தேன்?" என்றார். தேதியைத் தட்டச்சு செய்யவே விடக்கூடாது, காலண்டரில் தொட்டுத்தான் தேர்வு செய்யவேண்டும் என்பதை அவரிடம் கற்றுக்கொண்டேன்.

ஒரே நேரத்தில் இரண்டு பேர் பதிவது இன்னொரு தொல்லை. வருஷம் முழுக்க ஈயாடும் முன்பதிவுப் பக்கத்தில் ஆடி பிறந்ததும் கூட்டம் சேரும். ஆடிப்பட்டம் தேடி விதைப்பது மாடியிலும் மாறவில்லை. ஞாயிறு காலை எல்லோருக்கும் களைக்கொத்தியும் மண் சல்லடையும் வேண்டும். கூகுள் ஷீட்டுக்கு நிரல் எழுத உதவும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் லாக் சர்வீஸ் என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் பதிவை எழுதி முடிக்கும்வரை அடுத்தவரை நிறுத்திவைக்கும். ஷீட்டை விட்டு போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸுக்குப் போனால் எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெய்ண்ட் என்ற விதியைப் போடுங்கள். ஒரே பொருளுக்கு நேரம் மோதும் இரண்டு பதிவுகளை டேட்டாபேஸே ஏற்காது. நேர இடைவெளியின் முடிவை மட்டும் சேர்க்காமல் விடுங்கள், 10 மணிக்கு முடிப்பவரும் 10 மணிக்குத் தொடங்குபவரும் சண்டை போடமாட்டார்கள்.

க்யூஆர் ஸ்டிக்கரைக் கருவியில் ஒட்டாதீர்கள். ஈர மண்ணும் வெயிலும் பட்டு ஒரு மாதத்தில் உரிந்துவிடும். எனாமல் பெயின்ட்டில் எண் எழுதி, க்யூஆர் கோடை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினோம். பெயின்ட் தேய்ந்தால் மறுபடி பூசுவது பிள்ளைகள் வேலை, சந்தோஷமாகச் செய்கிறார்கள்.

ஸ்பிரேயருக்குத் தனிக் கவனம் வேண்டும். எங்கள் 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயரில் யாரோ பார்க்கிங் புல்லுக்குக் களைக்கொல்லி அடித்துவிட்டு, தண்ணீர் ஊற்றி ஒரு குலுக்குக் குலுக்கி வைத்துவிட்டார்கள். அடுத்து எடுத்த அம்மா அதிலேயே மீன் அமிலம் கலந்து தக்காளிக்கு அடித்தார். மூன்றாம் நாள் துளிர் இலையெல்லாம் கயிறு முறுக்கினது போல் சுருண்டு நின்றது. டூ-ஃபோர்-டி (2,4-D) போன்ற களைக்கொல்லி டேங்கிலும் குழாயிலும் துளி தங்கினாலும் தக்காளி தாங்காது. இப்போது ஸ்பிரேயர் பதிவில் 'கடைசியாக ஊற்றியது என்ன' என்ற கட்டத்தை நிரப்பாமல் திருப்பித் தரவே முடியாது. களைக்கொல்லிக்குச் சிவப்பு பெயின்ட் அடித்த தனி ஸ்பிரேயர், அது பூட்டில் இருக்கும். செடி வெட்டும் கத்தரிக்கும் 'ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன்' என்று ஒரு டிக் வைத்திருக்கிறோம். சில நோய்கள் கத்தரி வழியாகவே செடிவிட்டுச் செடி போகும்.

போன் பழகாதவர்களுக்கு வாட்ச்மேன் அண்ணா மேசையில் ஒரு கோடு போட்ட நோட்டு. கதவு எண், பொருள் எண், நேரம், அவ்வளவுதான். ராத்திரி யாராவது பக்கத்தைப் படம் பிடித்து அனுப்ப, மறுநாள் நான் ஏற்றுவேன். செயலி தகராறு செய்த நாட்களில் எல்லோருமே நோட்டுக்குத்தான் போனார்கள், கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

இருப்புச் சரிபார்க்க மாதாமாதம் ஆள் கிடைக்காது. நாங்கள் ஆயுத பூஜையைப் பிடித்துக்கொண்டோம். முந்தின நாள் சாயங்காலம் அத்தனை கருவியும் கீழே வந்தாக வேண்டும் என்று ஒரு வாரம் முன்பே செய்தி போகும். சாமி காரியத்துக்கு யாரும் சாக்குச் சொல்வதில்லை. கழுவி, துருவுக்கு எண்ணெய் தடவி, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்கும்போது பட்டியலை எடுத்து டிக் அடித்துவிடுவேன். போன தடவை 41இல் 38 வந்தது. இரண்டு களைக்கொத்தி ஒரே வீட்டு சிங்க்குக்கு அடியில் கிடைத்தன. தொரட்டி ஒன்று போனது போனதுதான். பட்டியலிலேயே இல்லாத ஒரு மண்வெட்டியும் வரிசையில் இருந்தது. யாருடையது என்று குரூப்பில் இரண்டு முறை கேட்டேன், பதில் இல்லை. 42 என்று பெயின்ட் அடித்து உள்ளே வைத்துவிட்டேன்.