பிராங்பர்ட்டில் ஒரு பகல்: குளிர்கால லேஓவர் கேள்வி பதில்

ஓசூரில் இயந்திர உதிரிபாகத் தொழிலில் இருக்கிறேன். வேலை விஷயமாகக் குளிர்காலத்தில் பிராங்பர்ட் வழியாகப் போய்வருவது வழக்கம். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பெங்களூரில் விமானம் ஏறி, அடுத்த விமானத்துக்கு நடுவில் கிடைக்கும் சில மணி நேரத்தை (லேஓவர்) அதிகச் செலவில்லாமல் எப்படிக் கழிப்பது என்று கேட்கிறார்கள். பிராங்பர்ட் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

காவேரிப்பட்டணம்: அண்ணா, டிசம்பர் நடுவில் ஸ்டாக்ஹோம் போகிறேன். ஷெங்கன் விசா (ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளுக்குப் பொதுவான விசா) இருக்கிறது. காலை எட்டுக்கு பிராங்பர்ட்டில் இறங்கி, மாலை ஐந்தரைக்கு அடுத்த விமானம். என்னென்ன பார்க்கலாம்?

தம்பி, நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். ஐந்தரை விமானத்துக்கு மூன்று மணிக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். அப்படியானால் ஊரை விட்டு இரண்டேகாலுக்குக் கிளம்ப வேண்டும். காலையில் இறங்கினதும் பாஸ்போர்ட் வரிசை. 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய முறையில் கைரேகையும் முகப்படமும் பதிகிறார்கள், அதற்கும் நேரம் விடுங்கள். வெளியே வர ஒன்பதரை ஆகும் என்று வைத்துக்கொண்டால், ஊருக்குள் உங்களுக்குக் கிடைப்பது நாலு மணி நேரம். அந்த மாதத்தில் சூரியன் எட்டேகால் வாக்கில் உதித்து நாலரைக்கு முன்பே மறைந்துவிடும். உங்கள் நாலு மணி நேரமும் வெளிச்சத்தில் விழுவதால் தாராளமாகப் போங்கள்.

முதல் டெர்மினலுக்கு அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. எஸ்8 அல்லது எஸ்9 என்ற புறநகர் ரயிலில் ஏறுங்கள். மெயின் ஸ்டேஷனில் இறங்காமல் இன்னும் இரண்டு நிறுத்தம் தள்ளி ஹவுப்ட்வாஹேயில் இறங்குங்கள். மெயின் ஸ்டேஷன் எதிரிலுள்ள சில தெருக்கள் போதைப் புழக்கத்துக்குப் பேர்போனவை, பையோடு அங்கே நடக்க வேண்டாம். ஹவுப்ட்வாஹேயிலிருந்து கிளைன்மார்க்ட்ஹாலே நடக்கும் தூரம்தான். கூரை போட்ட பெரிய சந்தை அது. உள்ளே நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி ஆவியில் மங்கிவிடும், அவ்வளவு கதகதப்பு. ஒரு பக்கம் சீஸும் ஆலிவும், இன்னொரு பக்கம் கட்டுக்கட்டாகக் கீரை, ஒரு தொத்திறைச்சிக் கடை முன்னால் மட்டும் நீளமாக வரிசை. சுற்றிப்பார்க்கக் காசு கிடையாது. ஞாயிறு மட்டும் மூடியிருக்கும்.

அங்கிருந்து ரோமர்பெர்க் சதுக்கம். கிழக்குப் பக்கம் மரச்சட்டம் போட்ட வீடுகள் வரிசையாக நிற்கும், எல்லோரும் படம் எடுப்பது அவற்றைத்தான். நூற்றாண்டுகள் பழையவை போலத் தெரியும். ஆனால் 1944 மார்ச் குண்டுவீச்சில் பழைய நகரம் எரிந்துபோனது. இந்த வரிசையை 1980களில் திரும்பக் கட்டினார்கள். அதற்குப் பின்னால் தேவாலயம் வரைக்கும் உள்ள சந்துகளைக் கட்டி முடித்தது 2018இல். இது தெரிந்து பார்த்தால் ஒவ்வொரு சுவருக்கு முன்னாலும் கொஞ்சம் நிற்கத் தோன்றும். அந்தத் தேவாலயத்தில்தான் 1562 முதல் புனித ரோமப் பேரரசர்களுக்கு முடிசூட்டினார்கள், உள்ளே போக இலவசம். முடித்துவிட்டு ஐசர்னர் ஸ்டெக் இரும்புப் பாலத்தில் மைன் ஆற்றைக் கடந்து திரும்பி வாருங்கள். இவ்வளவே போதும். கூட இன்னொன்று சேர்த்தால் எதையும் பார்த்த மாதிரி இருக்காது.

டிக்கெட் விஷயம்: அங்கே தானியங்கிக் கதவு கிடையாது, நேரே பிளாட்பாரத்துக்குப் போய்விடலாம். அதை நம்பி டிக்கெட் எடுக்காமல் ஏறாதீர்கள். சாதா உடையில் பரிசோதகர் வருவார், அபராதம் 60 யூரோ. போகவர இரண்டு டிக்கெட்டா, நாள் டிக்கெட்டா என்று மெஷினிலேயே விலையை ஒப்பிட்டு எடுங்கள். குடும்பமாகப் போனால் ஐந்து பேர் வரைக்கும் ஒரே குழு நாள் டிக்கெட் இருக்கிறது, அதுதான் மலிவு.

ஊத்தங்கரை: என்னிடம் அமெரிக்க விசா இருக்கிறது. அதைக் காட்டி ஊருக்குள் போகலாமா?

முடியாது. அமெரிக்க விசா இருந்தால் விமான நிலையத்துக்கு உள்ளேயே விமானம் மாறுவதற்கான டிரான்சிட் விசா தனியாக வேண்டியதில்லை, அவ்வளவுதான். வெளியே போக ஷெங்கன் விசாவே வேண்டும். அதிலும் ஒற்றை நுழைவு விசா என்றால் ஒரு முறைதான். போகும்போது வெளியே போய் வந்துவிட்டால் திரும்பும்போது உள்ளேயே உட்கார வேண்டியதுதான்.

அரூர்: லேஓவருக்காகவே விசா எடுக்கலாமா சார்?

வேண்டாம். கட்டணம் 90 யூரோ, அதற்கு மேல் சேவைக் கட்டணம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, பெங்களூருக்கு ஒரு நடை. ஏழெட்டு மணி நேரத்துக்கு இவ்வளவு செலவழிப்பதை நான் ஒப்பமாட்டேன். அந்தப் பணத்தை வைத்திருந்து, டிக்கெட்டை மாற்றி இரண்டு நாள் தங்கும்படி திட்டமிடுங்கள், அப்போது எடுக்கலாம்.

தேன்கனிக்கோட்டை: எங்களுக்குக் குளிர் பழக்கம்தான். ஒரு ஸ்வெட்டர் போதுமா அண்ணா?

போதாது. நம் ஊர்க் குளிர் வெயில் ஏறினால் விலகிவிடும். அங்கே மத்தியானமும் நாலைந்து டிகிரியில்தான் நிற்கும், கூடவே தூறலும் ஆற்றங்கரைக் காற்றும். கனமாக ஒன்று போடுவதைவிட மெல்லியதாக மூன்று போடுங்கள்: உடம்பை ஒட்டித் தெர்மல், மேலே கம்பளி, அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். கான்வாஸ் ஷூ கண்டிப்பாக வேண்டாம். சாக்ஸ் நனைந்தால் அன்றைய பகல் போச்சு. குல்லாவையும் கையுறையையும் கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் போட்டால் அது நேரே அடுத்த ஊருக்குப் போய்விடும்.

பாலக்கோடு: எனக்குப் பதினோரு மணி நேரம் இருக்கிறது. அதிவேக ரயிலில் கொலோன் ஒரு மணி நேரம்தானே? போய் வந்துவிடலாமே!

வேண்டாம்.

பர்கூர்: ஏன் வேண்டாம் என்கிறீர்கள்? நான் போயிருக்கிறேன். தேவாலயம் ஸ்டேஷன் வாசலிலேயே இருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை.

உங்களுக்கு நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. 157 மீட்டர் உயரம், 1248இல் தொடங்கி 1880இல் முடித்த கட்டடம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து தலையைத் தூக்கினால் வானமே தெரியாது. அதைப் பார்க்க ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 2024இல் ஜெர்மனியின் நெடுந்தூர ரயில்களில் சரியான நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம், அதுவும் ஆறு நிமிடத்துக்குள் தாமதமானால் தாமதமே இல்லை என்று எண்ணி. மலிவு டிக்கெட் குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். விமானம் தாமதமாக இறங்கினால் அது வீண். எந்த ரயிலிலும் ஏறக்கூடிய டிக்கெட்டோ விலை அதிகம், பட்ஜெட் பயணம் என்ற பேச்சே அடிபட்டுப்போகும்.

பர்கூர்: ரயில் அரை மணி தாமதமானாலும் பதினோரு மணி நேரத்தில் சமாளிக்கலாமே?

அரை மணி என்றால் சமாளிக்கலாம். ரயிலே ரத்தானால்? ஊர் சுற்றப் போய் அடுத்த விமானத்தைத் தவறவிட்டால் விமான நிறுவனம் பொறுப்பேற்காது. டிசம்பரில் கடைசி நேர டிக்கெட் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். முதல் தடவை வெளிநாடு போகிற பிள்ளையிடம் அந்த ஆபத்தை ஏற்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

ராயக்கோட்டை: இரண்டு பேருக்கும் நடுவில் நான்: மைன்ஸ் போகலாமா?

இதற்குச் சரி என்பேன். அதே எஸ்8, எதிர்த் திசையில் ஏறினால் அரை மணி வாக்கில் போய்விடலாம். நெடுந்தூர ரயில் வேண்டாம், குறிப்பிட்ட வண்டிக்கான டிக்கெட்டும் வேண்டாம், ஒன்று போனால் அடுத்தது வரும். ஆயிரம் ஆண்டு பழைய சிவப்புக் கல் தேவாலயம் இருக்கிறது, அச்சு எந்திரம் கண்ட குட்டன்பர்கின் ஊரும் அதுதான். எஸ்9 மட்டும் ஏறாதீர்கள், அது ஊருக்குள் போகாமல் ரைன் ஆற்றின் மறு கரையோடு போய்விடும். கொலோன் பேச்சை இதோடு விடுவோம்.

பென்னாகரம்: கனடா விசா வைத்து வெளியே போக முடியுமா?

ஊத்தங்கரைக்குச் சொன்ன பதில்தான்.

தர்மபுரி: மலிவாக இருக்கிறதென்று தனித்தனியாக இரண்டு டிக்கெட் போட்டிருக்கிறேன். பிரச்சினை வருமா?

வரும். ஒரே முன்பதிவு இல்லையென்றால் பெரும்பாலும் பெட்டியை நீங்களே வெளியே போய் எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். வெளியே போக ஷெங்கன் விசா வேண்டும். அது இல்லாவிட்டால் பெங்களூர் கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். டிக்கெட் எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. இன்றே நிறுவனத்தைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

ஓசூர்: வியன்னாவில் ஆறு மணி நேரம். என்ன செய்யலாம்?

அங்கே போய்வந்தவர்களிடம் கேளுங்கள்.

மத்தூர்: 25ஆம் தேதி இறங்குகிறோம். கிறிஸ்துமஸ் சந்தை பார்க்கலாமா? அம்மா சைவம்.

சந்தை பண்டிகைக்கு முன்பே முடிந்துவிடும். நவம்பர் கடைசி முதல் டிசம்பர் இருபது தாண்டும் வரைதான். 25, 26 இரண்டு நாளும் கடைகள் அடைப்பு. ஆற்றங்கரை நடை, தேவாலயம், அப்புறம் நேரே விமான நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்துக்குள் இருக்கும் சூப்பர் மார்க்கெட்டில் பிரெட், பழம், சீஸ் கிடைக்கும், ஓட்டல் செலவில் கால்வாசிகூட ஆகாது. சந்தை நாட்களில் போகிறவர்களுக்கு: உருளைக்கிழங்கு அடையில் பெரும்பாலும் முட்டை இருக்கும், கேட்டு வாங்குங்கள். குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர், காலி பாட்டில் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பாட்டில் வாங்கினால் 25 சென்ட் முன்பணம் சேர்த்து வாங்குவார்கள், சூப்பர் மார்க்கெட் மெஷினில் பாட்டிலைப் போட்டால் திரும்பக் கிடைக்கும். அம்மாவுக்குப் புளியோதரை கட்டிப் போகலாம். பால்கோவா, நெய், தயிர் வேண்டாம், பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகத் தடை.

சூளகிரி: இங்கிலாந்து விசா வைத்து...

முடியாதுங்க. ஷெங்கன் விசா இல்லாமல் பிராங்பர்ட் ஊருக்குள் போக வழியில்லை. இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுதமாட்டேன்.

போச்சம்பள்ளி: மகன் பிராங்பர்ட்டில் படிக்கிறான். நம் ஊர் மாம்பழக்கூழ் கொண்டுபோகலாமா?

தாராளமாகக் கொண்டுபோங்கம்மா. டின்னில் அடைத்ததற்குத் தடை இல்லை. கைப்பையில் மட்டும் வைக்காதீர்கள், 100 மில்லிக்கு மேல் என்று செக்யூரிட்டியில் எடுத்துவிடுவார்கள். பெரிய பெட்டியில் துணிக்கு நடுவே வையுங்கள். சீசனில் போனால் பழமாகக் கொண்டுபோக முடியாது, மாம்பழத்துக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். சான்றிதழ் இல்லாமல் விடுவது வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் இந்த ஐந்தைத்தான்.