ஹெடருக்குச் செராமிக் கோட்டிங்: முதலில் ஒரு காந்தம் எடுங்கள்

கேள்வி: என்னிடம் 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக் இருக்கிறது. பட்டறையில் சொல்லி 4-2-1 ஹெடர் (நான்கு சிலிண்டரின் புகைக் குழாய்களை இரண்டாக்கி, பிறகு ஒன்றாக்கும் குழாய்த் தொகுப்பு) செய்து மாட்டினேன். எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் வெல்டிங் ஓரமெல்லாம் துரு. பானட்டுக்குள் அனலும் தாங்கவில்லை. செராமிக் கோட்டிங் அடித்தால் பவர் கூடும் என்கிறார் ஒரு நண்பர், குழாயில் வெப்பம் தாங்கும் துணி சுற்றினாலே போதும் என்கிறார் இன்னொருவர். வருடத்தில் இரண்டு மூன்று முறை செட்டிபாளையம் கரி டிராக்கில் ஓட்டுவேன், மற்றபடி ஊருக்குள்தான். செலவு செய்யலாமா? (வாசகர், கோவை)

பதில்: பவருக்காக என்றால் வேண்டாம். கோட்டிங்கால் புகை சூடு குறையாமல் போனால் வேகமும் குறையாது, அடுத்த சிலிண்டரின் புகையையும் சேர்த்து இழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் 1.5 லிட்டர் எஞ்சினில் அதனால் ஒன்றிரண்டு குதிரைத்திறன் கிடைத்தாலே பெரிது. ஓட்டும்போது உங்களுக்குத் தெரியாது.

அனல் விஷயம் வேறு. உங்கள் காரில் ஹெடர் முன்பக்கம், ரேடியேட்டருக்கு நேர் பின்னால் இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது ரேடியேட்டர் ஃபேன் அந்த அனலை வாரி எஞ்சின் மேலேயே கொட்டும். எஞ்சின் இழுக்கும் காற்று 3 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் அடர்த்தி சுமார் ஒரு சதவீதம் குறையும். காந்திபுரத்தில் வண்டி மந்தமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, இப்போது வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துக்கொண்டு போங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். வெல்டிங்கை விட்டுத் தள்ளி, குழாயின் நேரான பகுதியில் வையுங்கள். ஒட்டாமல் வழுக்கினால் 304 தர எஸ்.எஸ். ஓரத்துத் துரு, வெல்டர் சாதாரணக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்ததில் வந்ததாக இருக்கலாம். அதனால் குழாய்க்கு ஆபத்தில்லை. இந்தத் தரம் 850 டிகிரி வரை தாங்கும், கோட்டிங் தேவையே இல்லை. ‘டப்’பென்று ஒட்டிக்கொண்டால் அது எம்.எஸ். (சாதாரண இரும்பு), அல்லது 409 போன்ற மலிவான எஸ்.எஸ். மூன்றே மாதத்தில் துரு என்பதால் என் சந்தேகம் எம்.எஸ். மேல்தான்.

எம்.எஸ். என்றால் கோட்டிங் நல்ல செலவு. சாதாரண இரும்பு 550 டிகிரியைத் தாண்டினாலே செதில் செதிலாக உரியத் தொடங்கும். டிராக்கில் முழு மிதியில் எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் சூடு 800-ஐத் தாண்டும். அப்புறம் மழையில் பம்பருக்குக் கீழிருந்து தண்ணீர் வேறு அடிக்கும்.

கோட்டிங்கிலும் இரண்டு ரகம். பளபளக்கும் வெள்ளி நிறம் அனலைக் குறைவாக வெளியே வீசும், ஆனால் சுமார் 700 டிகிரிக்கு மேல் மங்கிப்போகும். மேட் கறுப்பு ரகம் 980 டிகிரி வரை போகும். செராகோட் பிராண்டின் சி வரிசை இந்த வகை, அடுப்பில் வைக்காமலே காய்வது. நீங்கள் டிராக்கில் ஓட்டுபவர், கறுப்பையே எடுங்கள். ஆனால் ஒன்று: இவையெல்லாம் தலைமுடியை விட மெல்லிய படலங்கள். இரும்பைக் காப்பாற்றும், அனலைப் பெரிதாகத் தடுக்காது. நிஜமான வெப்பத் தடுப்பு வேண்டுமென்றால் பிரிட்டனின் சிர்கோடெக் போன்றவர்கள் பிளாஸ்மாவில் உருக்கித் தெளிக்கும் சிர்கோனியா என்ற செராமிக் வேண்டும். உங்கள் வண்டிக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை.

கடையில் பேசும்போது கவனம். பெயின்டுக்குப் பளபளப்புக் கொடுக்கும் டீடெய்லிங் கடைக்காரரும் ‘செராமிக் கோட்டிங்’ என்றுதான் போர்டு வைத்திருப்பார். அது வேறு, ஹெடரில் போட்டால் முதல் ஓட்டத்திலேயே எரிந்துவிடும். சாண்ட் பிளாஸ்டிங் செய்வார்களா, குழாயின் உள்ளேயும் அடிப்பார்களா, எஞ்சினோடு சேரும் பிளாஞ்ச் (பட்டைத் தகடு) முகத்தையும் ஆக்சிஜன் சென்சார் மரையையும் மூடிவிட்டு அடிப்பார்களா என்று கேளுங்கள். உள்ளே அடிக்காவிட்டால் துரு உள்ளிருந்து வரும். விரிசல், வெல்டிங் வேலை எதுவானாலும் கோட்டிங்குக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

துணி சுற்றுவதா? எம்.எஸ். ஹெடருக்கு நான் ஒருமுறை சுற்றினேன். அனல் நன்றாகவே குறைந்தது. இரண்டு மழைக்காலம் போனதும் ஒரு நாள் சத்தம் மாறியது. துணியை அவிழ்த்து ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் அப்பளம் போல உள்ளே போயிற்று. துணி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சூட்டையும் குழாய்க்குள்ளேயே அடைத்துவிடும். மழையில் ஓடும் வண்டிக்கு வேண்டாம்.

அனலுக்கு வழி தகட்டுக் கவசம். ஹோண்டாவின் பழைய மேனிஃபோல்டின் (ஹெடருக்கு முன்பு இருந்த புகைக் குழாய்) மேல் ஒரு தகடு இருந்திருக்குமே, ஹெடர் மாட்டும்போது அதைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். மெல்லிய எஸ்.எஸ். தகட்டில் அதுபோல ஒன்று செய்யச் சொல்லுங்கள். குழாயைத் தொடாமல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும், நடுவில் இருக்கும் அந்தக் காற்றுதான் தடுப்பு. காந்தம் ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் இதைச் செய்யலாம், கோட்டிங்கை விடச் செலவும் குறைவு.

அடுத்து எஞ்சின் பிரித்து வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால் கோட்டிங்கைத் தள்ளிப்போடுங்கள். பிரித்துச் சேர்த்த எஞ்சினில் டைமிங், மிக்சர் சரியாக அமைவதற்குள் ஹெடர் சிவக்கச் சூடாகும். புதுக் கோட்டிங் அதிலேயே போய்விடும். அந்த நாட்களைப் பழைய மேனிஃபோல்டிலேயே ஓட்டி முடிக்கலாம்.

ஹெடரைக் கழற்றும் முந்தின நாள் இரவே நட்டுகளில் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வையுங்கள். அப்படியும் ஒன்றிரண்டு ஸ்டட் (எஞ்சினில் பதிந்திருக்கும் மரையாணி) நட்டோடு சேர்ந்து வந்துவிடும். புது ஸ்டட்டும் கேஸ்கெட்டும் கையில் இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள்.