லால்பாகில் எதைப் பார்ப்பது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஆகஸ்டில் பெங்களூரு யஷ்வந்த்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு வருகிறோம். கூட என் மாமியாரும் வருகிறார், அவருக்கு முழங்கால் வலி. லால்பாக் மலர்க் கண்காட்சிக்கு அரை நாள் ஒதுக்கினால் போதுமா?
(வாசகி, விழுப்புரம்)

பதில்: மாமியாரை அழைத்து வருவதானால் கண்காட்சி நாட்களில் வேண்டாம். சுதந்திர தினத்தை ஒட்டி ஒன்று, குடியரசு தினத்தை ஒட்டி ஒன்று என ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. கண்ணாடி மாளிகைக்குள் மலர் அலங்காரம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் விடுமுறை நாளில் வாசலிலேயே வரிசை தொடங்கிவிடும், உள்ளேயும் நின்று நிதானமாகப் பார்க்க முடியாது. கால் வலிக்காரர் பாவம், என்ன செய்வார்? பக்கத்து மாவள்ளியில் குடியிருக்கும் நான் அந்த நாட்களில் அந்தப் பக்கம் போவதில்லை. கண்காட்சி முடிந்த பிறகு, ஒரு வேலை நாளில், காலை 7 மணி வாக்கில் வாருங்கள்.

யஷ்வந்த்பூரில் பச்சை வழித்தட மெட்ரோ ஏறினால் எங்கும் மாறாமல் லால்பாக் நிலையத்தில் இறங்கலாம். மேற்கு வாசல் பக்கத்திலேயே இருக்கிறது. தோட்டம் 240 ஏக்கர். முழுதும் நடந்து பார்க்க ஆசைப்படாதீர்கள். பேட்டரி வண்டி ஓடுகிறது, மாமியாரை அதில் உட்கார வையுங்கள்.

என்னைக் கேட்டால் லால்பாகில் பார்க்க வேண்டியது மரங்கள். 1760-ல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம் இது. மகன் திப்பு சுல்தான் பல நாடுகளிலிருந்து செடிகளும் விதைகளும் வரவழைத்து அதை வளர்த்தார். அதில் பாடுபட்ட தோட்டக்காரர்களில் திகளர் சமூகத்தினர் முக்கியமானவர்கள். அவர்களின் முன்னோர் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வந்தவர்கள் என்பார்கள். சித்திரைப் பௌர்ணமியில் பெங்களூரு நகரில் நடக்கும் கரகத் திருவிழா அவர்களுடையதுதான். தோட்டத்தில் உள்ள இலவ மரத்தின் அடியில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். சுவர் மாதிரி எழும்பி நிற்கும் அதன் வேர்களுக்கு இடையில் ஒரு ஆள் மறைந்து நிற்கலாம். எந்தப் பூ அலங்காரமும் அதற்கு ஈடாகாது.

விழுப்புரத்துக்காரரான நீங்கள் விடக்கூடாத ஒன்று இன்னும் இருக்கிறது. கல்லாகிப்போன ஒரு மரத்துண்டு தோட்டத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். வந்தது உங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருவக்கரையிலிருந்து! வக்கிரகாளியம்மனைக் கும்பிடப் போகிறவர்களில் எத்தனை பேர் அங்கேயே இருக்கும் கல்மரப் பூங்காவுக்குள் போகிறார்கள்? ஊர் திரும்பியதும் மாமியாரோடு அங்கேயும் ஒரு நடை போய்வாருங்கள்.

கேள்வி: லால்பாக் பாறை இமயமலையைவிடப் பழையது என்கிறார்களே, உண்மையா?
(கல்லூரி மாணவர், ஓசூர்)

பதில்: உண்மைதான், அதுவும் கொஞ்சநஞ்சமல்ல. இமயமலை எழத் தொடங்கி ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. இந்தப் பாறைக்குச் சுமார் 300 கோடி ஆண்டுகள். தீபகற்ப நைஸ் என்ற வகை. தென்னிந்தியாவின் பெரும்பகுதிக்கு இதுவே அடித்தளம். வெளுப்பும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக ஓடும் கோடுகளைக் குனிந்து பாருங்கள். பூமிக்கு அடியில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் கல் நெகிழ்ந்து மடிந்த தடம் அது. இந்தியப் புவியியல் ஆய்வு மையம் இதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. உச்சியில் நிற்பது பழைய பெங்களூரின் எல்லையைக் குறித்த கெம்பேகவுடர் கோபுரங்களில் ஒன்று. மேலே உட்கார்ந்து தின்றுவிட்டுக் காகிதத்தையும் பாட்டிலையும் அங்கேயே போட்டுவிட்டு வருகிறார்கள், பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. நண்பர்களோடு வரும்போது நீங்களாவது ஒரு பை கொண்டு வாருங்கள்.

கேள்வி: லால்பாகில் செடி விற்கிறார்களாமே, வாங்கி வந்தால் எங்கள் ஊரில் வளருமா?
(வாசகர், சேலம்)

பதில்: நர்சரிக்காரர்களின் கூட்டுறவுச் சங்கம் அங்கே விற்கிறது. ஆனால் பூவைப் பார்த்ததும் மயங்கிவிடாதீர்கள். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம், குளிர்ச்சியான ஊர். கண்ணாடி மாளிகைக்கு 1889-ல் அடிக்கல் நாட்டியபோது பொறுப்பில் இருந்த ஜான் கேமரன்தான் சௌசௌவை இந்தப் பக்கம் கொண்டுவந்தவர். இந்தக் குளிர்ச்சியில் அது வீட்டுக்கு வீடு பந்தலில் காய்த்தது. சேலத்து வெயிலில் அதே கொடி திணறும். ஹைட்ரேஞ்சியா, பியூசியா மாதிரியானவற்றையும் விட்டுவிடுங்கள். செம்பருத்தி, குரோட்டன்ஸ், நந்தியாவட்டை தைரியமாக வாங்கலாம். கொண்டுபோனதும் நேரே வெயிலில் வைக்காமல், ஒரு வாரம் நிழலில் வைத்திருந்து அப்புறம் நடுங்கள்.