எண்ணெய் கரை தொடும் முன் கையில் இருக்க வேண்டியவை

கேள்வி: எங்கள் மீனவ ஊருக்கு அருகே டேங்கர் தரைதட்டி, கச்சா எண்ணெய் எங்கள் பக்கம் நகர்ந்து வருகிறது. மாலுமியின் அலட்சியம்தான் காரணம் என்கிறார்கள். அதிகாரிகள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தலைமுறைகளாகக் கடலை நம்பியிருக்கும் எங்களுக்கு நியாயம் கிடைக்குமா?

பதில்: மாலுமியை விடுங்கள், அதிகாரிகளையும் விடுங்கள். டேங்கர் எண்ணெய்ச் சேதத்துக்குக் கப்பல் உரிமையாளரைப் பொறுப்பாக்கும் சர்வதேச ஒப்பந்தமான 1992 பொறுப்பு உடன்படிக்கையில் உங்கள் நாடு இருந்தால், அந்த உரிமையாளரின் தவறை நீங்கள் நிரூபிக்கவே தேவையில்லை. உரிமையாளரின் தொகை போதாதபோது மீதியை ஈடுகட்டும் சர்வதேச இழப்பீட்டு நிதியமான 1992 நிதியத்திலும் நாடு சேர்ந்திருந்தால், இரண்டும் சேர்த்து ஒரு விபத்துக்கு 20.3 கோடி எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு) வரை கிடைக்கும். ஆகவே கேள்வி ஒன்றுதான்: எண்ணெய் வருமுன் நீங்கள் எவ்வளவு சம்பாதித்தீர்கள், அதற்கு என்ன சான்று?

2007இல் தென் கொரியாவில் ஹெபெய் ஸ்பிரிட் கப்பல் விபத்தில் 1,27,000க்கும் மேற்பட்ட கோரிக்கைகள் வந்தன. இத்தனை கோரிக்கைகளுக்கு நடுவே ரசீது இல்லாதவரின் வாய்மொழியை யார் கேட்பார்கள்? மூன்று ஆண்டு ஏல ரசீது, டீசல் பில், படகு உரிமம், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் இன்றே படமெடுங்கள். சுத்தமான கரையையும் வலைகளையும் தேதியோடு படமெடுங்கள். வலைகளைக் கரையேற்றும் செலவையும் கேட்கலாம். யார், எத்தனை மணி நேரம், எவ்வளவு எரிபொருள் என்று அன்றன்றைக்கே எழுதி வையுங்கள். எண்ணெய் வந்ததும் மாதிரியைக் கண்ணாடிப் புட்டியில் எடுத்து, சாட்சிகள் முன் முத்திரையிடுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம்.

பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். முதலில், சங்கத் தலைவர் எல்லோருக்கும் ஒரே தொகையை எழுதி, வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவார். மதிப்பீட்டாளர் கண்ணில் முதலில் படுவதே அந்த ஒரே தொகைதான். உண்மையாக இழந்தவரின் கோரிக்கையும் அதோடு சந்தேகத்துக்குள்ளாகும்.

அடுத்தது காலக்கெடு. சேதம் ஏற்பட்ட நாளிலிருந்து 3 ஆண்டுக்குள், எப்படியும் விபத்திலிருந்து 6 ஆண்டுக்குள், வழக்கு நீதிமன்றத்தில் பதிவாக வேண்டும். கோரிக்கை படிவம் கொடுத்தாயிற்று, காப்பீட்டாளர் அன்பாகக் கடிதம் எழுதுகிறார் என்பதெல்லாம் கடிகாரத்தை நிறுத்தாது. பேச்சுவார்த்தை நடக்கட்டும், 30ஆம் மாதத்திலேயே மனுவைத் தயார் செய்துவிடுங்கள். நிதியத்துக்கு எதிரான உரிமைக்கும் இதே கெடுதான். உரிமையாளர் மேல் வழக்கு போட்டால் மட்டும் போதாது; கெடுவுக்குள் நிதியத்தின் மேலும் வழக்கு போட வேண்டும், அல்லது முதல் வழக்கைப் பற்றி முறைப்படி நிதியத்துக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும்.

சான்று மெலிந்தவர்கள் நியாயமான தொகை வந்தால் வாங்கிக்கொண்டு முடியுங்கள். இடைக்காலத் தொகை என்றால் தயங்காமல் வாங்கலாம். ஆனால் ரசீதில் 'முழு இறுதித் தீர்வு' என்றிருந்தால், அடுத்த பருவத்தில் மீன் வராவிட்டாலும் மீண்டும் கேட்க முடியாது. அந்த வரி இருக்கிறதா என்று பார்க்காமல் பேனாவைத் தொடாதீர்கள்.