மாத்திரை வில்லனா, அளவு வில்லனா?

கேள்வி: ‘டல்லாஸ் பையர்ஸ் கிளப்’ படம் பார்த்தேன். எய்ட்ஸ் வந்த நாயகன், டாக்டர்கள் தரும் ஏஇசட்டி மாத்திரை விஷம் என்கிறார். மெக்சிகோவிலிருந்து வேறு மருந்துகளைக் கடத்தி வந்து எல்லோருக்கும் கொடுக்கிறார். ஏஇசட்டி நிஜமாகவே விஷமா?

பதில்: இந்தப் படத்தை இரண்டு தடவை பார்த்தேன். முதல் தடவை நாயகனாக நடித்த மேத்யூ மெக்கானஹேயை, எலும்பும் தோலுமாக. இரண்டாம் தடவை மருந்து பாட்டில்களை மட்டும். முப்பது வருஷம் மருந்து எடுத்துக் கொடுத்த கண், என்ன செய்ய!

ஏஇசட்டி 1964-ல் புற்றுநோய்க்காகச் செய்யப்பட்டு, பலிக்காமல் கிடப்பில் போன சரக்கு. எய்ட்ஸ் வந்ததும் தூசி தட்டினார்கள். 1986 செப்டம்பரில் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 19 பேர் போய்விட்டார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் ஒருவர்தான். இதற்குப் பெயர் விஷமா?

ஆனால் அளவு இருக்கிறதே! சோதனையில் நாளுக்கு 1,500 மில்லிகிராம், நான்கு மணிக்கொரு தரம், நடுராத்திரியும் எழுந்து. எலும்பு மஜ்ஜை தாங்குமா? ரத்தசோகை வந்து பலருக்கு ரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. 1990-ல்தான் 600 ஆகக் குறைத்தார்கள். போதாததற்கு, ஒற்றை மருந்தாகக் கொடுத்தால் கிருமி சீக்கிரமே அதற்குப் பழகிவிடும். படம் முடிந்து எழுத்து ஓடும்போது, குறைந்த அளவு ஏஇசட்டி கூட்டு மருந்தில் சேர்ந்து லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியது என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். நீங்கள் அதற்குள் எழுந்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

நாயகன் கொண்டாடும் பெப்டைட் டி என்ற மருந்து வேலை செய்வதாக நிரூபணமே ஆகவில்லை. அவர் விற்கும் இன்னொரு மருந்தான டிடிசி? அதுவும் ஏஇசட்டி வகையறாதான்! கை கால் நரம்புகளைப் பதம் பார்த்த மருந்து.

கேள்வி: அப்படியானால் அவர் போராடியது தப்பா?

பதில்: யார் சொன்னது? படத்தின் நாயகன் ரான் உட்ரூஃப் டல்லாஸில் வாழ்ந்த நிஜ மனிதர், எலக்ட்ரீஷியன். 1992 செப்டம்பரில் இறந்தார். அவர் கிளப் தொடங்கியபோது அனுமதி பெற்றிருந்த ஒரே எய்ட்ஸ் மருந்து, 1987 மார்ச்சில் வந்த ஏஇசட்டிதான். அதுவும் வருஷத்துக்குச் சுமார் 10,000 டாலர். அடுத்த மருந்துக்கு வருஷக்கணக்கில் காத்திரு என்றால், அதுவரை உயிர் இருக்குமா? அந்தக் கோபத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

எனக்குள்ள வருத்தம் வேறு. படம் எல்லாவற்றையும் ஒற்றை ஆளின் சண்டையாக்கிவிட்டது. நியூயார்க்கிலும் சான்பிரான்சிஸ்கோவிலும் ஓரினச் சேர்க்கையாளர்களே முன்னின்று இப்படி மருந்து வரவழைத்துப் பகிர்ந்துகொண்டார்கள். 1988 அக்டோபரில் எய்ட்ஸ் நோயாளிகளுக்காகப் போராடிய ‘ஆக்ட் அப்’ இயக்கத்தினர், மருந்துகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் மேரிலாந்து அலுவலகத்தையே முற்றுகையிட்டார்கள். அதே வருஷம், சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் மருந்து வெளிநாட்டிலிருந்து கொண்டுவரலாம் என்று எஃப்.டி.ஏ. இறங்கி வந்தது. அந்தக் கூட்டத்தைப் படத்தில் தேடினேன், தட்டுப்படவில்லை.

கேள்வி: படத்தில் நாயகனுக்குக் கூட்டாளியாக வரும் ரேயான் இப்போது உயிரோடு இருக்கிறாரா?

பதில்: பிறக்கவே இல்லை! கற்பனைப் பாத்திரம். படத்தில் வரும் பெண் டாக்டரும் அப்படியே. ஆனால் ரேயானாக நடித்த ஜாரெட் லெட்டோவுக்குக் கிடைத்த ஆஸ்கர் அசல். ஒப்பனைக்கும் ஒன்று கிடைத்தது. அதற்கு அவர்களிடம் இருந்த பணம் 250 டாலர்தானாம்.