காட்டு வைத்தியர் பதில்கள்: முகத்தைப் பார்க்காதீர்கள், சாணத்தைப் பாருங்கள்

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி வந்திருக்கின்றன. விரட்டல், பசி, சத்தம், விஷம் இவையெல்லாம் காட்டு உயிர்களின் உடம்பை என்ன செய்கின்றன என்பதுதான் அது. அதனால் கோழிக் காய்ச்சல், நாய்க்கடி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊருக்குள் வழிதவறி வந்த புள்ளிமானை நாய்கள் துரத்தின. இளைஞர்கள் நாய்களை விரட்டிவிட்டு, மானைப் பிடித்துக் காலைக் கட்டி, வனத்துறை வரும்வரை பத்திரமாக வைத்திருந்தார்கள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அப்படியும் வண்டியில் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் செத்துவிட்டது. பயத்திலேயே செத்துவிட்டது என்கிறார்கள். அப்படிக்கூட நடக்குமா?
(வாசகர், திருப்பத்தூர்)

நடக்கும். ஆனால் பயம் பாதிக் காரணம்தான், மீதிப் பாதி தசையில் இருக்கிறது. கேப்சர் மயோபதி என்று இதைச் சொல்வோம். பிடிபடும்போது வருகிற தசைச் சிதைவு.

துரத்தல் தொடங்கியதும் மானின் ரத்தத்தில் அட்ரினலின் கொட்டுகிறது. கல்லீரலில் இருந்த சர்க்கரை வெளியே வருகிறது, இதயம் எகிறுகிறது, ரத்தமெல்லாம் கால் தசைக்குப் போகிறது. காட்டில் இந்த ஓட்டம் சீக்கிரமே முடிந்துவிடும். ஒன்று மான் தப்பிக்கும், அல்லது இரையாகும். அதன் உடம்பு அந்தக் குறுகிய கணக்குக்குத்தான் பழகியது. தெருவில் அப்படி இல்லை. நாய் போனால் ஆள் வருகிறான், ஆளுக்குப் பின்னால் கயிறு வருகிறது, கயிற்றுக்குப் பின்னால் செல்போன் வருகிறது. காலைக் கட்டிப் போட்டிருக்கும்போதும் மான் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கயிற்றை எதிர்த்துத் திமிறுவதும் தசைக்கு ஓட்டம்தான்.

ஆக்சிஜன் போதாமல் தசையில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. ரத்தம் அமிலமாகிறது, உடல் சூடு ஏறுகிறது, தசைச் செல்கள் உடைகின்றன. உடைந்த செல்லிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் கலந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி, மான் அங்கேயே போய்விடும். அதில் பிழைத்தாலும் மயோகுளோபின் என்கிற தசைப் புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீர் கரும்பழுப்பாகப் போகும். அதனால் சில மான்கள் அன்றைக்குச் சாகும், சில மூன்றாம் நாள் சாகும். மூன்றாம் நாள் செத்தால் அது யார் கணக்கிலும் வருவதில்லை. ‘பத்திரமாகக் காட்டில் விடப்பட்டது’ என்று செய்தி வந்து முடிந்திருக்கும். பணியில் இருந்த காலத்தில் இப்படிச் செத்த மான்களை அறுத்துப் பார்த்திருக்கிறேன். வெளியே ஒன்றும் தெரியாது. தொடையைத் திறந்தால் தசை வேகவைத்த கறி மாதிரி வெளுத்துக் கிடக்கும்.

முற்றிவிட்டால் வைத்தியம் பெரும்பாலும் பலிக்காது. குளுக்கோஸ், சோடியம் பைகார்பனேட் எல்லாம் ஏற்றிப் பார்ப்போம், அவ்வளவுதான். ஆக, செய்ய வேண்டியதெல்லாம் பிடிப்பதற்கு முன்னால்தான். காடு பக்கத்தில் இருந்து, மானுக்குக் காயமும் இல்லையென்றால் நாய்களைக் கட்டிப் போட்டுவிட்டு, ஜனங்களைக் கலைத்து, வழியை விடுங்கள். தானாகப் போய்விடும். பிடித்தே ஆக வேண்டும் என்றால் முதலில் கண்ணைத் துணியால் மூடுங்கள். பார்வை மறைந்தாலே பாதி திமிறல் அடங்கும். நிழலில் வையுங்கள், பேச்சுச் சத்தம் கூடாது. பக்கவாட்டில் சாய்த்துப் போடாதீர்கள். அசைபோடும் பிராணி, வயிறு உப்பிவிடும். நெஞ்சு தரையில் படும்படி உட்கார வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றும் புண்ணியவான் ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். அவரை முதலில் அப்புறப்படுத்துங்கள். திமிறும் மானுக்கு அந்தத் தண்ணீர் நுரையீரலுக்குத்தான் போகும். உடம்பு கொதித்தால் மேலே ஈரத்துணி போடலாம்.

கேள்வி: எங்கள் ராகிக் காட்டையும் வாழையையும் யானைகள் விட்டு வைப்பதில்லை. காட்டில் தீனி, தண்ணீர் இல்லாமல் ‘டென்ஷன்’ ஆகித்தான் ஊருக்குள் வருகின்றன என்று டிவியில் பேசுகிறார்கள். தோட்டத்துக்கு வருகிற யானை, காட்டிலேயே இருக்கிற யானையைவிட நொந்து போனதா?
(விவசாயி, தாளவாடி)

டிவியில் பேசுகிறவர்கள் யானையின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். சாணத்தைப் பார்த்தவர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள்.

கொஞ்சம் விளக்க வேண்டும். அட்ரினலின் சில நொடிகளின் சரக்கு. அதற்கு அடுத்து வருவது கார்ட்டிசால், அழுத்த ஹார்மோன் என்பது இதைத்தான். மூளை உத்தரவு கொடுக்க, சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அதைச் சுரக்கிறது. கொஞ்ச நேரத்துக்கு வந்து போனால் அது உயிர் காக்கும் சாமான். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இறங்காமல் நின்றால் தசை கரையும், நோய் எதிர்ப்பு குறையும், இனப்பெருக்க ஹார்மோன்கள் அடங்கும்.

இதை அளக்க ரத்தம் எடுக்கலாமே என்பீர்கள். காட்டு யானையைப் பிடித்து ஊசி போடுவதற்குள் பிடித்த அதிர்ச்சியிலேயே அளவு ஏறிவிடும். பறவைகளில் மூன்று நிமிடத்துக்குள் ரத்தம் எடுத்தாக வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. அதனால் சாணத்துக்கு வந்தார்கள். கல்லீரல் உடைத்து அனுப்பிய கார்ட்டிசாலின் மிச்சங்கள் சாணத்தில் இருக்கும். யானை போட்டது ஒன்றிரண்டு நாளுக்கு முன்னால் அதன் உடம்பில் நடந்ததைச் சொல்லும். புதுச் சாணமாக எடுத்து உறையவைத்து, சோதனைக் கூடத்தில் பிரித்து அளக்கிறார்கள். யானைக்குத் தெரியவே தெரியாது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சஞ்சீதா சர்மா போக்ரேல், ராமன் சுகுமார் குழுவினர் முதுமலை, பண்டிப்பூர் யானைகளில் இதைச் செய்தார்கள். 2017இல் வெளியான ஆய்வு. விலா எலும்பும் இடுப்பெலும்பும் தெரிய மெலிந்த யானைகளில் அளவு அதிகம். கோடையில் மெலிவதும் அதிகம். இது எதிர்பார்த்ததுதான். 2019இல் வந்தது சுவாரசியமானது. ஹாசன் பக்கம் காபித் தோட்டமும் வயலுமான பகுதியில் பயிர் மேயும் யானைகளையும், நாகரஹொளே, பண்டிப்பூர் காட்டு யானைகளையும் ஒப்பிட்டார்கள். பயிர் மேய்ந்த யானைகளில் அளவு குறைவாக இருந்தது! விரட்டல், பட்டாசு, ஜனச் சத்தம் அத்தனையும் இருந்தும் குறைவு. நல்ல தீனி கிடைப்பது அந்தத் தொந்தரவையெல்லாம் ஈடு கட்டிவிடுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

உங்கள் ராகி சத்தான தீனி. காட்டுக்குள்ளே உண்ணிச்செடி மண்டிப் புல் முளைக்க இடமில்லாத இடங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். யானை கணக்குப் போட்டுத்தான் வருகிறது. நொந்துபோய் வருகிறது என்று நினைத்துப் பட்டாசை இன்னும் ஒரு கட்டு கூட்டினால் திரும்பிவிடும் என எதிர்பார்ப்பவர்களுக்கு இது நல்ல செய்தி இல்லை. லாபம் தெரிந்த யானை பட்டாசுக்குப் பழகிவிடும். உங்கள் ராகிக்கு உடனே, முழுதாக நஷ்டஈடு வேண்டும் என்பது என் கட்சி. அதற்கு ஹார்மோன் ஆதாரம் எதுவும் தேவையில்லை. இன்னொன்று: ஹார்மோன் குறைவு என்றால் அந்த யானை பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. திருட்டு மின்வேலி கார்ட்டிசால் பார்த்துக் கொல்வதில்லை.

கேள்வி: மத்தியப் பிரதேசத்தில் புலி சஃபாரி போயிருந்தோம். எங்கள் ஜீப்புக்கு இருபதடி தூரத்தில் புலி அலட்டிக்கொள்ளாமல் படுத்திருந்தது. ‘பழகிடுச்சு சார்’ என்றார் வழிகாட்டி. உண்மையா?
(வங்கி ஊழியர், சேலம்)

படுத்திருந்தது உண்மை. ஹைதராபாத்தில் உள்ள சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வகத்தார் கான்ஹா, பாந்தவ்கர் காப்பகங்களில் புலி எச்சத்தைச் சேகரித்து, சுற்றுலா நடக்கும் மாதங்களையும் மழைக்காக மூடும் மாதங்களையும் ஒப்பிட்டார்கள். 2019இல் வெளிவந்தது. சுற்றுலா மாதங்களில் அழுத்த ஹார்மோன் கூடுதல். வண்டி எண்ணிக்கை ஏற ஏற அதுவும் ஏறியது. வெளியே அலட்டாத புலி உள்ளே அலட்டிக்கொள்கிறது.

‘சீசனில் வெயிலும் அதிகம், அது காரணமாக இருக்கக் கூடாதா’ என்று கேட்பீர்களானால், நியாயமான கேள்வி. காட்டில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே வைக்க முடியாது. ஒரே ஒரு தடவை கிட்டத்தட்ட அப்படி நடந்தது, அதுவும் கடலில். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் ரைட் திமிங்கிலம் என்ற இனத்தின் எச்சத்தை ஆண்டுதோறும் சேகரித்து வந்தார்கள் (மோப்பம் பிடித்துக் காட்டப் படகில் நாய்!). 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு கப்பல் போக்குவரத்து சட்டென்று குறைந்தது. நீருக்கடியில் சத்தம் 6 டெசிபெல் இறங்கியது, திமிங்கிலங்களின் அழுத்த ஹார்மோனும் கூடவே இறங்கியது. மற்ற ஆண்டுகளில் அதே பருவத்தில் அப்படி இறங்கவில்லை. திமிங்கிலம் எதுவும் அதுவரை கப்பலைப் பார்த்துக் கத்திக்கொண்டு ஓடியதாகத் தகவல் இல்லை.

சஃபாரியே போகாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. டிக்கெட் காசு காப்பகங்களுக்கும் உதவுகிறது. ஆனால் ஒரு புலியைச் சுற்றிப் பத்து ஜீப் நிற்கும்போது, பதினோராவது ஜீப்பை அங்கே விடச் சொல்லி டிரைவருக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எங்கள் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, கூழைக்கடாக்கள் கறுத்துப்போய் நின்றதைப் பார்த்தோம். இப்போது பறவைகள் பழைய வெள்ளையில் திரிகின்றன. ஆபத்து தீர்ந்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?
(மீனவர், எண்ணூர்)

எடுத்துக்கொள்ள வேண்டாம். இறகில் ஒட்டிய எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்த பகுதி. அது தண்ணீர் புகாத தன்மையைக் கெடுத்து உடல் சூட்டை இழக்க வைக்கும். அலகால் இறகைக் கோதும்போது உள்ளே போகும் எண்ணெய் குடல், கல்லீரல், ரத்தச் சிவப்பணு என்று வேலை காட்டும்.

கலாபகோஸ் தீவுகளில் நடந்ததைச் சொல்கிறேன். 2001 ஜனவரியில் ஜெசிகா என்ற எண்ணெய்க் கப்பல் அங்கே தரைதட்டியது. காற்றும் நீரோட்டமும் எண்ணெயில் பெரும் பகுதியைக் கடலுக்கு இழுத்துப் போய்விட, உலகமே பெருமூச்சு விட்டது. சான்டா ஃபே தீவில் கரையொதுங்கியது மிகக் கொஞ்சம். அங்கே பாசி தின்று வாழும் கடல் இகுவானாக்கள் (பெரிய பல்லி வகை) அப்போது பெரிதாகச் சாகவும் இல்லை. ஆனால் அடுத்த ஓராண்டில் 62 சதவீதம் செத்துப்போயின. பாசியைச் செரிக்க உதவும் குடல் பாக்டீரியாக்களை அந்தச் சிறிதளவு எண்ணெய் கொன்றிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சந்தேகித்தார்கள். வயிறு நிறையத் தின்றும் பட்டினி! கசிவுக்குப் பிறகு அவற்றின் ரத்தத்தில் அழுத்த ஹார்மோன் ஏறியிருந்ததை மட்டும், அவை சாவதற்கு முன்பே அளந்து வைத்திருந்தார்கள்.

உங்கள் கழிமுகத்தில் பறவையைவிட நண்டையும் சேற்றையும் பார்க்கச் சொல்வேன். கூழைக்கடா வேறு நீர்நிலைக்குப் பறந்துவிடும். சேற்றில் இருப்பதற்கு அந்த வசதி இல்லை. யாராவது சோதனைக்கு வந்தால் பழைய எண்ணெய் எங்கெங்கே தங்கியிருக்கிறது என்று காட்டிக் கொடுங்கள். உங்களைவிட அது தெரிந்தவர் யாரும் இல்லை.

கேள்வி: வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஒரு ராத்திரி சத்தத்தில் பறவைக்கு அப்படி என்ன ஆகிவிடும்? என் பேரன் கேட்கிறான்.
(வாசகி, சிங்கம்புணரி)

பேரனிடம் ஆஸ்திரியா கதையைச் சொல்லுங்கள். அங்கே சாம்பல் வாத்துகளின் உடலில் சின்னக் கருவி பொருத்தி, புத்தாண்டு வாணவேடிக்கை நேரத்தில் கவனித்தார்கள். நள்ளிரவுக்கு அடுத்த ஒரு மணி நேரத்தில் இதயத் துடிப்பு ஏறக்குறைய இரு மடங்கு, உடல் வெப்பம் சுமார் ஒரு டிகிரி கூடுதல். இயல்புக்கு வர விடிய ஆகிவிட்டது. நெதர்லாந்திலும் இதே புத்தாண்டு இரவைத் தரையிலிருந்து ராடாரில் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கான பறவைகள் இருட்டில் எழும்பி 500 மீட்டர் உயரம் வரை போயின. கூட்டில் முட்டை வைத்திருக்கும் பறவை அப்படிக் கிளம்பினால் என்ன ஆகும் என்பதைப் பேரன் தானே சொல்லிவிடுவான். கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் எந்த ஆய்வையும் படித்துவிட்டு வெடியை நிறுத்தியவர்கள் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: கோயில் யானையின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. கவலையில் அழுகிறதா?
(ஏழாம் வகுப்பு மாணவி, கும்பகோணம்)

கண்ணிலிருந்து மூக்குக்குள் தண்ணீரை இறக்கும் குழாய் நமக்கு உண்டு, யானைக்குக் கிடையாது. அதனால் கண்ணை ஈரமாக வைக்கச் சுரப்பது கன்னத்தில்தான் வழியும். கவலை இல்லாத யானைக்கும் வழியும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் ஈரம் கசிந்தால் அது வேறு, அது கன்னச் சுரப்பி. ஆனால் அந்த யானை எதன் மேல் நிற்கிறது என்று அடுத்த தடவை பார். கருங்கல்லோ சிமெண்டோ என்றால் நகத்தையும் உள்ளங்காலையும் கவனி. வெடிப்போ புண்ணோ தெரிந்தால் பெரியவர்களிடம் சொல்லி, கால்நடை மருத்துவரை வரவழைக்கச் சொல்.